வரப்போரச் சாரணை

சிறுகீரை விதைத்துப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆனதும், விடியற்காலையில் பாத்தி ஓரமாகக் குந்தி, செடிகளின் தலையைக் கையால் மெல்லத் தடவிப் பார்ப்பேன். சில நாள் பனி ஈரம் கையில் ஒட்டுவதோடு சரி. சில நாள், கை போன வழியெல்லாம் சின்னச் சின்ன அந்துகள் எழும்பும். கரும்பழுப்பு நிறம், இறக்கைக்குக் குறுக்கே வெள்ளையாக ஒரு பட்டை. ரொம்ப தூரம் பறக்காது. இரண்டடி தள்ளிப் போய் இன்னொரு இலைக்கு அடியில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்காது. மூன்று நான்கு நாளில் இலை நரம்போரம் வைத்த முட்டை பொரிந்துவிடும். அப்புறம் பச்சைப் புழு இலையை நூலால் இழுத்துத் தைத்துக்கொண்டு, உள்ளே பத்திரமாக உட்கார்ந்து பச்சையைச் சுரண்டித் தின்னும். இலையைப் பிரித்தால் வெள்ளை நூலும் கறுப்புக் கறுப்பாக எச்சமும்தான் இருக்கும். இலைப்பிணைப்புழு என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். எங்கள் பக்கம் சுருட்டுப் புழு என்றால் தெரியும்.

பாகூருக்குத் தெற்கே, தென்பெண்ணை ஓரத்தில் எங்களுக்கு 40 சென்ட் கொல்லை. சிறுகீரை, முளைக்கீரை, அரைக்கீரை, கொஞ்சம் பாலக். இவர் கம்பெனி வேலைக்குப் போகிறார். கொல்லை நானும் அத்தையும்தான். பாதிக் கட்டைக் கடலூர் வியாபாரி ஒருவர் எடுத்துப் போவார், மீதி பாகூர் கடைத்தெருவில் போய்விடும். நான் விலங்கியல் படித்தவள். கல்யாணமாகி வந்த பிறகுதான் மண்வெட்டி பிடித்தேன். படித்ததும் பார்த்ததும் ஒன்றோடொன்று சேர எனக்குப் பல வருஷம் ஆனது. அந்தக் கதைதான் இது.

ஒரு நாள் கட்டு எண்ணிக் கொடுக்கும்போது அந்த வியாபாரி சொன்னார்: "ஓட்டை விழுந்த கீரைய யாரும் கையில தொட மாட்டாங்கம்மா. மருந்தடிக்காம கீரைக் கட்டு கட்ட முடியாது. இத நீ எத்தனை வருஷம் கழிச்சாவது ஒத்துக்குவ." கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரி சொன்னார். அந்தப் பேச்சு என் மனதில் முள்ளாக நின்றுவிட்டது. ஏனென்றால் அவர் சொன்னதற்கு என்னிடம் அப்போது பதில் இல்லை.

சிறுகீரையும் முளைக்கீரையும் 21, 25 நாளில் வேரோடு பிடுங்கிக் கட்டுகிற பயிர். அந்து வருவது பன்னிரண்டாம் நாள். புழு கண்ணில் படுவது பதினாறு பதினேழாம் நாள். அன்றைக்கு மருந்தடித்தால் அறுவடைக்கு மிச்சம் இருப்பது நாலைந்து நாள். மருந்துப் புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் எந்தப் பயிருக்கு எவ்வளவு, கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் நடுவே எத்தனை நாள் விட வேண்டும் என்றெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். நான் வாங்கிப் பார்த்த புட்டிகளில் பருத்தி இருந்தது, மிளகாய் இருந்தது, கத்தரி, முட்டைக்கோஸ் இருந்தது. சிறுகீரை என்று ஒன்றிலும் பார்க்கவில்லை. கத்தரிக்காயாவது செடியில் ஒரு பாகம். கீரையில் மருந்து விழுகிற இடமும் வாய்க்குள் போகிற இடமும் ஒன்றே. தோல் சீவ முடியாது, ஓடு உடைக்க முடியாது. பிள்ளை பெற்றவளுக்கும், பல் முளைக்காத குழந்தைக்கும், ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னவருக்கும் கொடுக்கிற பண்டம் இது. சாயங்காலம் அடித்துவிட்டுக் காலையில் பிடுங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள்தான், வேறு வழி தெரியாமல் செய்கிறார்கள். என்னால் அது முடியவில்லை. அடிக்காத வருஷம் முக்கால் பாத்தியை மாட்டுக்குப் பிடுங்கிப் போட்டேன்.

ஆமணக்கு

பொறிப்பயிர் என்ற பேச்சை முதலில் ஒரு பயிற்சி முகாமில் கேட்டேன். பூச்சிக்கு நம் பயிரைவிட அதிகமாகப் பிடிக்கிற ஒரு செடியைப் பக்கத்தில் வைத்தால் அது முதலில் அங்கே போகும். அங்கேயே வைத்து அதை முடித்துவிட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். முட்டைக்கோஸுக்குக் கடுகு, தக்காளிக்குச் செண்டுமல்லி, மல்லாட்டைக்கும் (நிலக்கடலைதான்) மிளகாய்க்கும் ஆமணக்கு என்று வரிசையாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்தேன். பெங்களூர் பக்கம் ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் முட்டைக்கோஸுக்குக் கொண்டுவந்த முறை என்னை ரொம்பவும் கவர்ந்தது. 25 வரிசை முட்டைக்கோஸுக்கு இரண்டு வரிசைக் கடுகு. வைரமுதுகு அந்துப்பூச்சி கோஸை விட்டுக் கடுகில் போய் முட்டை வைக்கும். அதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் கடுகை, கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்பே விதைத்துவிட வேண்டும். இரண்டாவது கடுகை, நட்டு 25 நாள் கழித்து விதைக்க வேண்டும். கடுகுக்கு ஆயுசு குறைவு. முதல் வரிசை முற்றிக் காயும்போது அடுத்தது பச்சையாகத் தயாராக நிற்க வேண்டும், இல்லையென்றால் பூச்சி திரும்பிக் கோஸுக்கே வந்துவிடும். தக்காளியிலும் நாள் கணக்குதான். செண்டுமல்லி 45 நாள் நாற்று, தக்காளி 25 நாள் நாற்று, இரண்டையும் ஒரே நாளில் நட வேண்டும். அப்போதுதான் தக்காளி பூக்கிற சமயத்தில் செண்டும் பூத்து நிற்கும், காய்ப்புழு அந்து செண்டுப்பூவில் போய் உட்காரும். 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசைச் செண்டு போதும்.

இதையெல்லாம் படித்தபோது நாள் கணக்கின் அருமை எனக்குப் புரியவில்லை. செடியின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டேன். 2023இல் கொல்லையைச் சுற்றி நாலு பக்கமும் மூன்றடிக்கு ஒன்றாக ஆமணக்கு ஊன்றினேன். பாலக்கையும் முளைக்கீரையையும் இரவில் வந்து மொட்டையடிக்கிற புரோடீனியா புழுவுக்காக. ஆமணக்கு கிடுகிடுவென்று வளர்ந்தது. அகலமான இலையும் சிவந்த காம்புமாக வேலி கட்டியது போல நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் காவலுக்கு ஆள் வைத்துவிட்ட நிம்மதி எனக்கு.

அந்து வந்தது. நான் ஆசைப்பட்டபடியே ஆமணக்கு இலையின் அடியில்தான் முட்டை வைத்தது. சின்னதாக ஒரு குவியல், மேலே தேங்காய் நார்த் தூள் தூவிய மாதிரி பழுப்பு மயிர். ஒரு குவியலுக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கும். பொரிந்த குஞ்சுப் புழுக்கள் உடனே பிரிந்து போகாது. மூன்று நாலு நாள் ஒரே இலையில் கூட்டமாக இருந்து அடிப்பக்கத்துப் பச்சையைச் சுரண்டும். அந்த இலை மட்டும் சல்லடை மாதிரி, வெளிச்சத்துக்குப் பிடித்தால் கண்ணாடித் தாள் மாதிரி ஆகிவிடும். தூரத்தில் இருந்தே தெரியும். அந்த நாலு நாளில் அந்த ஓர் இலையைக் கிள்ளி எடுத்தால் நூற்றுக்கணக்கான புழுவின் கதை முடிந்தது. நான் அந்த நாலு நாளில் ஊரில் இல்லை. தங்கைக்கு வளைகாப்பு, அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டேன். திரும்பி வந்தபோது ஆமணக்கு நரம்பும் காம்புமாக நின்றது. பகலில் ஒரு புழுவையும் காணோம். இரவு பத்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால், பாலக் பாத்தி முழுக்க விரல் நீளத்துக்கு. மெல்லுகிற சத்தம் கேட்டது, மிகைப்படுத்திச் சொல்லவில்லை. மழை தூறுவது போல ஒரு சத்தம். நான்தான் ஊட்டி வளர்த்திருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது.

அத்தை திட்டவில்லை. மறுநாள் காலையில் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "மாட்டக் கொண்டாந்து கட்டிட்டா ஆயிடுச்சா? வேளைக்குப் போயி கறக்கணும்ல" என்றார். எனக்குக் கிடைத்த எந்தப் பயிற்சியிலும் இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு ஆமணக்கை முழுக்க விட்டுவிடவில்லை. நாலு மூலைக்கு இரண்டிரண்டு செடியாகக் குறைத்தேன், தினமும் பார்க்க முடிகிற அளவுக்கு.

வெள்ளம் கொண்டுவந்தது

புரோடீனியாவுக்கு ஆமணக்கு சரி. என்னை வருஷம் பூராவும் வதைக்கிற சுருட்டுப் புழுவுக்கு என்ன செடி? கேட்ட இடத்தில் எல்லாம் வேப்பங்கொட்டைச் சாறு அடியுங்கள் என்றார்கள். அடித்தேன். 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பம்பருப்பு, அந்தக் கணக்கில் எங்கள் டேங்குக்கு எவ்வளவோ அவ்வளவு. இலை மூடுவதற்கு முன் அடித்தால் கேட்கும். சுருட்டின பிறகு மேலே எதை ஊற்றினாலும் உள்ளே இருக்கிறவனுக்குக் குடை இருக்கிறது.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. புயலை நாங்கள் தாங்கிவிட்டோம். அடுத்த இரண்டு மூன்று நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்ததைத்தான் தாங்க முடியவில்லை. கொல்லை எது, வழி எது, ஆறு எது என்று தெரியவில்லை. தண்ணீர் வடிந்தபோது மோட்டார் கொட்டகை வரைக்கும் வண்டல் படிந்து கிடந்தது. முழங்கால் மட்டத்துக்குச் சில இடம். அத்தை அந்த மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்து, "மண்ணு நல்ல மண்ணு. என்னா விதையெல்லாம் சேத்துக் கொண்டாந்திருக்குதோ" என்றார்.

சாரணை கொண்டுவந்திருந்தது. முன்பும் இருந்த களைதான், ஆனால் அந்த மாசி மாதம் தண்ணீர் பாய்ச்சியதும் வந்தது போல நான் பார்த்ததே இல்லை. தரையோடு படர்கிற செடி. செம்மை ஓடின தண்டு, சதைப்பற்றான வட்ட இலை. கணுவுக்கு இரண்டு இலை எதிரெதிரே இருக்கும், அதில் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. அத்தை சின்ன வயதில் அரிசி இல்லாத நாளில் இதைக் கிள்ளிக் கடைந்து தின்றிருக்கிறாராம். களையெடுக்க ஆள் தேடினால், வெள்ளத்தில் விழுந்த வீட்டை எடுத்துக் கட்டவே எல்லோருக்கும் நேரம் சரியாக இருந்தது. நானும் அத்தையும் பாத்திக்குள் இருந்ததை மட்டும் எடுத்தோம். வடக்கு வரப்பை அப்படியே விட்டுவிட்டோம். இரண்டடி அகலத்துக்குப் பாய் விரித்த மாதிரி சாரணை. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மானம் போவது போல இருக்கும். வரப்பைச் சுத்தமாக வைத்திருக்கிறவள்தான் நல்ல குடியானச்சி என்று இந்த ஊரில் ஒரு கணக்கு உண்டு.

அந்தப் போகம் சிறுகீரைக்குப் பதினாலாம் நாள். வழக்கம் போலத் தடவிப் பார்த்தேன், அந்து எழும்பவில்லை. எழுந்து வடக்கு வரப்பில் காலை வைத்ததும் காலடியில் இருந்து குபீரென்று ஒரு கூட்டம் எழும்பியது. குனிந்து பார்த்தால், சாரணையின் நுனி இலையெல்லாம் சேர்த்துச் சேர்த்துத் தைத்திருக்கிறது. ஒன்றைப் பிரித்தேன். அதே வெள்ளை நூல், அதே கறுப்பு எச்சம். உள்ளே இருந்த பச்சைப் புழு உடம்பை முறுக்கித் துள்ளி, நூலில் தொங்கித் தரைக்கு இறங்கியது. கழுத்துப் பக்கம் இரண்டு கறுப்புப் புள்ளி. என் சிறுகீரையில் உட்கார வேண்டியது சாரணையில் உட்கார்ந்திருந்தது.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்தப் புழு சாரணையைத் தின்பது பூச்சியியல்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். களையை ஒழிக்க இதையே பயன்படுத்தலாமா என்றுகூட ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் பக்கம் இருந்து பார்த்தால் புழு நண்பன், சாரணை எதிரி. என் பக்கம் இருந்து பார்த்தால் எதிரியைக் கட்டிப்போட எதிரியே உதவுகிறது. நாற்பது சென்டில் வருஷக்கணக்காக நானும் அத்தையும் வரப்பை வழித்து வழித்துச் சுத்தம் செய்து, அந்த அந்துக்கு எங்கள் சிறுகீரையைத் தவிர வேறு இடமே இல்லாமல் செய்திருக்கிறோம் என்று நினைத்தபோது கொஞ்ச நேரம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு தடவை பார்த்ததை நம்பக் கூடாது என்று படிப்பு சொன்னது. அடுத்த போகம் வடக்கு வரப்பைச் சுத்தமாக வழித்துவிட்டு, தெற்கு வரப்பில் சாரணையை விட்டேன். அந்து தெற்கே போனது. வடக்குப் பாத்தியில் இலை சுருண்டது. அதற்கடுத்த போகம் இரண்டு பக்கமும் விட்டேன். சாரணைக்கு வேப்பங்கொட்டை அடிக்காமல், சிறுகீரைக்கு மட்டும் பத்தாம் நாள் ஒரு தடவை லேசாக அடித்தேன். இங்கே கசப்பு, அங்கே விருந்து. கென்யாவில் மக்காச்சோளத்துக்கு இந்த மாதிரிச் செய்கிறார்கள். ஊடே ஒரு செடி அந்தை விரட்டும், சுற்றிலும் நேப்பியர் புல் அதை இழுக்கும். தள்ளுவதும் இழுப்பதும் சேர்ந்து நடக்கும். நேப்பியர் புல்லுக்கு இன்னொரு குணம், தண்டைத் துளைக்கிற குஞ்சுப் புழுவைப் பிசின் விட்டுச் சிக்கவைத்துவிடும். வைரமுதுகுக்கு அப்படி ஒரு செடி உண்டு, மஞ்சள் ராக்கெட் என்று பெயர், கடுகுக் குடும்பம். அந்து ஆசையாக முட்டை வைக்கும், பொரிந்த புழு அதைத் தின்று பிழைக்காது. அந்தச் செடிகள் தாமே வேலையை முடித்துவிடும். சாரணை அப்படி இல்லை. அது சோறு போடும், அவ்வளவுதான். முடிக்க ஒரு ஆள் வேண்டும், நேரத்துக்கு வேண்டும்.

ஆகவே ஒரு முறை வைத்துக்கொண்டேன். சாரணைக்கு முளைத்து மூன்று வாரத்தில் இலை இடுக்கில் பூ வந்துவிடும், அப்புறம் கறுப்பு விதை கொட்டினால் பத்து வருஷத்துக்கு அனுபவிக்க வேண்டும். புழுவும் அந்த நாளுக்குள் பாதி வளர்ந்து இலைக்குள் இருக்கும், மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டியிருக்காது. இரண்டுக்கும் ஒரே நாள் கெடு. விடிகிற நேரத்தில், ஈரம் காய்வதற்குள், பழைய அரிசிச் சாக்கைச் செடிக்குப் பக்கத்தில் விரித்து, அதன் மேல் சாயும்படி வேரோடு பிடுங்கி, மெதுவாகச் சுருட்ட வேண்டும். சாக்கு இல்லாமல் பிடுங்கினால் அசைவுக்கே புழு நூலை விட்டுக் கீழே இறங்கிவிடும். சாக்கோடு கொண்டுபோய்க் கோழிக்கு முன்னால் உதறினால் கால் மணி நேரத்தில் வேலை முடியும். மிச்சச் செடி குப்பைக்குழிக்கு. ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்குவதும் இல்லை. பாதி பிடுங்கி, அங்கே திரும்ப முளைத்து வந்ததும் மறு பாதி. கடுகை ஏன் இரண்டு தவணையாக விதைக்கச் சொன்னார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

நஷ்டம் இல்லாமல் இல்லை. இரண்டு வரப்போரமும் இரண்டடி விட்டால் கட்டு குறையும், இவர் கணக்குப் போட்டுக் காட்டினார். வெட்டுக்கிளிக்கு இதெல்லாம் கேட்காது. தண்டுக்கீரைக்குள் புகுகிற கூன்வண்டுக்கும் கேட்காது, அதைத் தண்டு வீங்கின செடியாகப் பார்த்து எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனாலும் அந்த வருஷம் சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதமும் மாட்டுக்குப் பிடுங்கிப் போடவில்லை.

வரப்பு இரண்டு பேருக்கும் சொந்தம்

வடக்கு வரப்புக்கு அந்தப் பக்கம் கொல்லை, இவருக்குப் பங்காளி முறை. நான் மாமா என்று கூப்பிடுவேன். அறுபதைத் தாண்டியவர், மல்லாட்டையும் கேழ்வரகும் வைப்பார். பொழுது விடிந்து அவர் கொல்லையில் ஒரு களை நிற்காது. வரப்பில் சாரணை படர்ந்து நின்றபோது நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வரப்பு பாதி அவருடையது.

ஆடி மாதம். சிறுகீரை பத்தாம் நாள். மகளுக்குக் காய்ச்சல், இரண்டு நாள் கொல்லைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் போனால் வடக்கு வரப்பில் சாரணை தலை தொங்கிக் கிடந்தது. இலையில் மருந்து காய்ந்த திட்டு. மாமா களைக்கொல்லி அடித்திருந்தார். என் பாத்தி மேல் படாமல், குழாயைத் தாழப் பிடித்துக் கவனமாகத்தான் அடித்திருந்தார், ஓர வரிசை மட்டும் லேசாக வெளுத்திருந்தது. எனக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை, பயம். செடி சாகிறது, உள்ளே இருக்கிறவை சாகவில்லை.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து பார்த்தேன். வாடின சாரணை இலை முறுக்கு அவிழ்ந்து, உள்ளே இருந்த புழு வெளியே வந்து தலையைத் தூக்கித் தூக்கித் தேடியது. பிறகு வரப்புச் சரிவில் இறங்கியது. ஒன்றிரண்டு அல்ல. வாய்க்கால் காய்ந்திருந்தது, அதைத் தாண்டி என் பாத்திக்குள் ஏறின. சாக்கை எடுத்துக்கொண்டு ஓடி, முடிந்த வரைக்கும் பிடுங்கினேன். வாடின செடி கையோடு நைந்து வந்தது, புழு பாதிக்கு மேல் உதிர்ந்தது. இரண்டு நாளில் வடக்குப் பக்கம் முதல் நாலு வரிசை சிறுகீரை மொத்தமும் தைத்துக் கிடந்தது. தெற்கு வரப்பில் சாரணை பச்சையாகவே நின்றது. அந்தப் பக்கத்துப் பாத்தியில் இலை விரிந்து, ஒரு ஓட்டை இல்லாமல், நிமிர்ந்து நின்றது. ஒரே விதை, ஒரே தண்ணீர், நடுவில் முப்பது அடிதான் தூரம்.

இத்தனை மாதமாக எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. சாரணை நிஜமாகவே பிடித்து வைத்திருக்கிறதா, இல்லை அந்த வருஷம் பூச்சியே குறைவா என்று. அந்தச் சாயங்காலம் சந்தேகம் போய்விட்டது. எவ்வளவு புழுவை அந்த இரண்டடிப் பட்டை தாங்கிக்கொண்டிருந்தது என்று கண்ணால் பார்த்தேன். பொறிப்பயிர் நட்டுப் பலனில்லை என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், 2023இல் நானும் அதைச் சொன்னேன். இப்போது அவர்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்தச் செடி எப்படிச் செத்தது, அப்போது யார் பக்கத்தில் இருந்தார்கள்?

மறுநாள் மாமா வரப்பில் வந்து நின்றார். "நீ ரெண்டு நாளா வரல, பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லன்னாங்க. களை பூ வைக்கிற மாதிரி இருந்துச்சு, ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு நானே அடிச்சிட்டேம்மா" என்றார். என் பாத்தியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இது எப்படிம்மா?" என்றார். அவரைக் கூட்டிக்கொண்டு தெற்கு வரப்புக்குப் போய், ஒரு சாரணை நுனியைப் பிரித்துக் காட்டினேன். புழு துள்ளி அவர் கையில் விழுந்தது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்கப்பா மல்லாட்டைக்கு ஊட ஆமணக்குப் போடுவாரு," என்றார் பிறகு. "எண்ணெய்க்குத்தான்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். ஆமணக்கு எலய மட்டும் தெனம் கிள்ளிக்கிட்டு வரச் சொல்லுவாரு எங்களை. ஏன்னு நாங்க கேட்டதில்ல." கொஞ்ச நேரம் கழித்து, "சரிம்மா, ஆனா வெத என் கொல்லைக்கு வந்துடக் கூடாது. மல்லாட்டையில சாரணை வந்தா நான் செத்தேன்" என்றார். அது நியாயமான பேச்சு. பூ வருவதற்குள் இரண்டு பக்கத்துச் சாரணையையும் நானே பிடுங்கிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். நாள் காட்டியில் குறித்துவைத்து, அவரிடமும் தேதியைச் சொல்லிவிடுவேன் என்றேன். தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

அந்த நாலு வரிசையை வியாபாரிக்குக் கொடுக்கவில்லை. தெற்குப் பாத்திக் கட்டுகளை மட்டும் அடுக்கினேன். அவர் ஒரு கட்டைப் புரட்டி, இலையை விரித்து, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். மருந்து வாசம் தேடினார் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் சொல்லாமல் கூடையில் வைத்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. குறித்த தேதி அன்று விடியற்காலையிலும் தூறல் விடவில்லை. நேரமாகிவிட்டதே என்று சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினேன். வடக்கு வரப்பில் மாமா தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு குந்தியிருந்தார். பக்கத்தில் அவர் வீட்டு உரச் சாக்கு ஒன்று. என்னைப் பார்க்கவில்லை. சாக்கைச் செடிக்குக் கிட்டே இழுத்து, சுருக்கம் இல்லாமல் விரித்து, ஓரத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு, அப்புறம்தான் சாரணையில் கை வைத்தார்.